பதினாலு அங்குலத் திரையும் நீல லேசரும்

2006 மார்ச் கடைசியில் தோஷிபா தன் முதல் எச்.டி. டிவிடி பிளேயரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. ஜூனில் சாம்சங்கின் புளூ-ரே பிளேயர் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை 1000 டாலர். செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குடும்ப அட்டைக்கு ஒன்றாக 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. உயர் துல்லிய வட்டுகளுக்குள் நடந்த போரைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் முதல் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதையும் சேர்த்து, தூத்துக்குடியின் திரேஸ்புரத்திலோ மட்டக்கடையிலோ உள்ள ஒரு வீட்டிலிருந்து அந்தப் போரைப் பார்த்தால் கேள்வியே வேறாகிவிடுகிறது. எந்த வட்டில் படம் தெளிவு என்று கேட்பதில் அங்கே பெரிய பயன் இல்லை. வாங்கிய வட்டு நாளைக்குத் தோற்றுப்போனால் மாறுகிற செலவு யார் தலையில் விடியும் என்று கேட்க வேண்டும். இரு வட்டுகளுக்கு இடையில் தேர்வு செய்ய இதைவிட நம்பத்தக்க அளவுகோல் இல்லை என்பது என் கட்சி. தமிழ்நாட்டு வீடுகள் இந்த அளவுகோலைக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளாகப் பெயர் சொல்லாமலே கையாண்டு வந்திருக்கின்றன.

முதலில் தெளிவு பற்றிய வழக்கை முடித்துவிடலாம். சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, எச்.டி. டிவிடிக்கும் புளூ-ரேக்கும் ஒன்றுபோல 405. அலை குறுகக் குறுக ஒளிப்புள்ளி சிறுக்கும், அதே தட்டில் கூடுதல் தகவலை எழுதலாம். இதுவரை இருவருக்கும் வேறுபாடு இல்லை. பிரிந்தது தகவல் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதில். தோஷிபாவும் என்.ஈ.சி.யும் டிவிடியில் இருப்பதுபோலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் வைத்தன. ஓர் அடுக்குக்கு 15 கிகாபைட்தான் கிடைத்தது, ஆனால் பழைய டிவிடி ஆலையைச் சிறிது திருத்தியே புதிய வட்டை அச்சடிக்க முடிந்தது. புளூ-ரேயின் பின்னால் நின்ற சோனி அணி மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் அருகில் கொண்டுவந்தது. 25 கிகாபைட் கிடைத்தது. ஆலையில் புதிய எந்திரம் தேவைப்பட்டது, கீறல் விழாமல் காக்கத் தனிப்பூச்சும் தேவைப்பட்டது. படத்தைச் சுருக்கி எழுத இரண்டும் ஒரே மூன்று முறைகளைத்தான் பயன்படுத்தின. திரையில் இரண்டும் தந்தது அதே 1920-க்கு 1080 புள்ளிகள். இரு அணிக்கும் படம் கொடுத்துவந்த வார்னர் போன்ற நிறுவனங்களின் ஒரே படத்தை இரண்டு வட்டிலும் அடுத்தடுத்துப் போட்டால் எது எது என்று சொல்வது கடினம். ஆக, கண்ணை வைத்துத் தேர்வு செய்ய அங்கே எதுவுமே இல்லை.

இங்கே அந்தப் பதினாலு அங்குலப் பெட்டிக்கு வருவோம். சராசரிக் கண் பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுவரைதான் நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்பது பாடநூல் கணக்கு. எட்டடி தள்ளி உட்கார்ந்தால் அது ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். 14 அங்குலத் திரையின் உயரம் 21 சென்டிமீட்டர்; வகுத்துப் பார்த்தால் சுமார் 300 வரிகள் வருகின்றன. விசிடியின் படத்தில் இருப்பவை 288 வரிகள். டிவிடியில் 576, புளூ-ரேயில் 1080. அதாவது பாயில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பார்க்கிறவருக்கு விசிடிக்கு மேல் கொடுக்கிற புள்ளிகளில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது. 1080 வரிகளையும் எட்டடி தூரத்தில் முழுதாகப் பார்க்க அறுபது அங்குலத்துக்கு மேற்பட்ட திரை வேண்டும். விசிடியின் சுருக்கு முறை மட்டமானது, வேகமான சண்டைக்காட்சியில் படம் கட்டங்கட்டமாக உடையும், நிறம் மங்கும். இவையெல்லாம் சின்னத் திரையிலும் தெரியக்கூடியவைதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு மக்கள் மட்டமான வட்டில் திருப்தி கண்டுவிட்டார்கள் என்று நகரத்துப் படவிரும்பிகள் சொல்லும்போது, திரையின் அளவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

படம் தீர்க்காத போட்டியைத் தீர்த்தது எது? படங்களை வைத்திருந்தவர்கள். 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் புளூ-ரேயைக் கைவிட்டு எச்.டி. டிவிடி பக்கம் போனது. அதற்காகப் பெருந்தொகை கைமாறியதாக அப்போதே பத்திரிகைகள் எழுதின. அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் எச்.டி. டிவிடி பிளேயரின் விலை 100 டாலருக்கும் கீழே விழுந்தது. மலிவு வென்றுவிடும் என்று தோன்றிய நேரத்தில், 2008 ஜனவரி 4 அன்று வார்னர் இனி புளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸும் வால்மார்ட்டும் அதே வழியில் போயின. பிப்ரவரி 19 அன்று தோஷிபா கடையைச் சாத்திவிட்டது. உலகெங்கும் விற்றிருந்த ஏறக்குறைய பத்து லட்சம் எச்.டி. டிவிடி கருவிகளின் சொந்தக்காரர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே தோஷிபா புளூ-ரே சங்கத்தில் சேர்ந்துகொண்டது. தோற்ற நிறுவனம் ஒன்றரை ஆண்டில் மறுகரைக்குப் போய்விட்டது. அதன் வட்டுகளை அடுக்கிவைத்திருந்தவர்களுக்கு அப்படிப் போக ஓடம் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் இந்தப் பேரம் முத்துக்குளித்துறைக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி முத்துச் சலாபங்கள், அதாவது முத்துக்குளிப்புகள் வரை, கரையில் குவித்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவதுதான் முறை. வாங்குகிறவனுக்கு உள்ளே முத்து இருக்குமா என்று தெரியாது. ஆனால் அந்தச் சூதுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. சலாபம் அறிவிக்கும் முன் கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, அந்த மதிப்பு வெளியிடப்படும். வியாபாரி அதை வைத்துத் தன் கணக்கைப் போட்டுக்கொள்வான். 2006-இல் உயர் துல்லிய வட்டு வாங்கியவருக்கு அந்த மாதிரிச் சிப்பியும் கிடைக்கவில்லை. எந்த ஸ்டூடியோ எவரோடு எத்தனை மாதம் ஒப்பந்தம் செய்திருக்கிறது, எப்போது அணி மாறும் என்பதெல்லாம் மூடிய அறைக்குள் இருந்தன. வெளியே காட்டப்பட்டவை கிகாபைட் கணக்கும் விளம்பரத் திரையும்தான்.

தவறான அணியில் மாட்டிக்கொள்வதன் செலவு எப்படி இருக்கும் என்பதற்குத் தூத்துக்குடியில் வட்டைவிடப் பெரிய சாட்சி உண்டு: தண்டவாளம். 1870-இல் வைஸ்ராய் மேயோவின் காலத்தில், செலவைக் குறைக்க மீட்டர் அகலப் பாதை போடலாம் என்று இந்திய அரசு முடிவு செய்தது. ஏற்கெனவே 1676 மில்லிமீட்டர் அகலத்தில் பாதைகள் ஓடிக்கொண்டிருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வழியாக ஈரோடு வரை அகலமாகப் போட்ட பாதையையே 1870களில் பிடுங்கி மீட்டராகக் குறுக்கினார்கள். பிற்காலத்தில் அதே தடத்தை மறுபடி அகலமாக்கினார்கள். தூத்துக்குடிக்கு 1876 வாக்கில் வந்து சேர்ந்ததும் மீட்டர் பாதைதான். நூறாண்டு கழித்து, 1974-இல் ஆழ்கடல் துறைமுகம் திறந்தபோதும் வாசலில் இருந்தது அதே குறுகிய தண்டவாளம். அகலப் பாதையை எட்ட வேண்டிய சரக்கை வழியில் ஓரிடத்தில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். கூலி, நேரம், சேதாரம் எல்லாம் சரக்குக்காரன் கணக்கு. மதுரையிலிருந்து தூத்துக்குடி வரையான தடம் அகலமானது 1990களில்தான். மீட்டர் பாதை முட்டாள்தனமான தேர்வு என்று இதற்குப் பொருள் இல்லை. அகலப் பாதைக்குக் காத்திருந்தால் ரயிலே சில பத்தாண்டுகள் தாமதமாகியிருக்கலாம்; போட்டவர்களுக்கு அது லாபக் கணக்குத்தான். சிக்கனம் போட்டவர்களுக்குப் போனது, மாறுகிற செலவு அதைப் பயன்படுத்தியவர்களுக்கு வந்தது. வட்டுப் போரிலும் இதே பங்கீடு.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, வலுவானதும்கூட. போட்டி இல்லாவிட்டால் விலை இறங்காது. 1000 டாலர் பிளேயர் இரண்டே ஆண்டில் சில நூறு டாலருக்கு வந்ததற்கே இரு அணிகள் மோதிக்கொண்டதுதான் காரணம். ஆகவே போர் வாங்குகிறவனுக்கு நல்லது என்பார்கள். விலை இறங்கியது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு வகை வட்டு தேவையா என்று கேட்க வேண்டும். 1995-இல் சோனியும் பிலிப்ஸும் ஒரு வட்டு, தோஷிபாவும் டைம் வார்னரும் இன்னொரு வட்டு என்று இதேபோல் மல்லுக்கு நின்றன. ஐ.பி.எம். முதலிய கணினி நிறுவனங்கள் ஒன்றுக்கு மேல் ஏற்க மாட்டோம் என்று அழுத்தம் கொடுத்ததால் இரண்டும் இணைந்து டிவிடி பிறந்தது. அதன் பிறகு டிவிடி பிளேயர் விலை இறங்கிய வேகம் எந்தப் போரிலும் கண்டதில்லை. ஒரே வட்டுக்குள் நூறு தயாரிப்பாளர்கள் போட்டியிட்டார்கள். சரக்குப் பெட்டகத்தின் கதையும் இதுதான். பெட்டகத்தின் மூலைப் பூட்டுக்கான காப்புரிமையை 1963-இல் சீ-லேண்ட் நிறுவனம் கட்டணமின்றி விட்டுக்கொடுத்ததால்தான் உலகத் தர அளவு சாத்தியமானது. 1999-இல் தூத்துக்குடியில் பெட்டக முனையம் தொடங்கியபோது, எந்த ஊர்ப் பெட்டகம் எந்தக் கொக்கியில் பொருந்தும் என்ற கேள்வியே எழவில்லை. இன்னும் எளிய உதாரணம், 1980களில் இந்தக் கரையின் மொட்டை மாடிகளில் இருந்தது. தூர்தர்ஷன் சரியாக எட்டாத காலத்தில் உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தார்கள். இரு நாடுகளும் வண்ணத்துக்குப் பால் என்ற ஒரே முறையைத் தேர்ந்திருந்ததால், கடல் தாண்டி வந்த படத்துக்குத் தனிப் பெட்டி வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பொருத்தத்தைத்தான் வட்டுக்காரர்கள் வேண்டுமென்றே உடைத்தார்கள். டிவிடியில் உலகை மண்டலங்களாக வெட்டினார்கள். இந்தியாவும் இலங்கையும் ஐந்தாம் மண்டலம், சிங்கப்பூர் மூன்றாவது, வளைகுடா இரண்டாவது. கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் தோணியில் கொழும்புக்கும் மாலேவுக்கும் போகிறவர்களும் உள்ள ஊரில் இது வெறும் சட்ட நுணுக்கம் ஆகாது. சிங்கப்பூரில் காசு கொடுத்து வாங்கிய வட்டு வீட்டில் ஓடாது என்று பொருள். கடைகளில் ‘ஆல் ரீஜன்’ என்று சொல்லி விற்ற சீன பிளேயர்கள் அந்தச் சுவரைச் சத்தமில்லாமல் இடித்தன. புளூ-ரே அதை மூன்று மண்டலங்களாகக் குறைத்துக்கொண்டது. இந்தியா மூன்றாவதான ‘சி’, சிங்கப்பூர் ‘ஏ’, வளைகுடா ‘பி’. மாலுமியின் பைக்கு இதிலும் விடுதலை இல்லை. எச்.டி. டிவிடியிலோ மண்டலப் பூட்டே கிடையாது. துறைமுகத்து வாடிக்கையாளரை மட்டும் கேட்டிருந்தால் தோற்ற வட்டைத்தான் தேர்ந்திருப்பார். அவரை யார் கேட்டார்கள்!

இனி தமிழ்நாட்டு வீடுகள் உண்மையில் என்ன செய்தன என்று பார்க்கலாம். 1980களில் விஎச்எஸ்-பீட்டாமேக்ஸ் சண்டை நடந்தபோது பெரும்பாலான வீடுகள் டெக் வாங்கவே இல்லை. கல்யாணம், திருவிழா, பொங்கல் என்றால் டெக்கையும் டிவியையும் நாலு கேசட்டோடு ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். எந்த கேசட் வெல்லும் என்ற சூதாட்டம் முழுவதும் வீடியோ கடைக்காரர் தலையில் இருந்தது. வீட்டுக்காரர் அன்றிரவு வாடகையோடு கணக்கை முடித்துக்கொண்டார். அடுத்து வந்த விசிடி 1993-இல் வகுக்கப்பட்ட தரம். ஒரு தட்டில் 74 நிமிடம்தான், ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தட்டு மாற்ற வேண்டும். ஆனால் பூட்டு இல்லை, மண்டலம் இல்லை, பின்னால் வந்த டிவிடி பிளேயரிலும் கணினியிலும் ஓடியது. டிவிடி வந்தபோது நம்மவர்கள் செய்ததுதான் சுவையானது. அதன் கொள்ளளவைத் தெளிவுக்குப் பயன்படுத்தாமல், ஒரே தட்டில் நாலைந்து படங்களைத் திணிக்கப் பயன்படுத்தினார்கள். மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க இறங்கியபோது இடைவெளி வெறும் ஆறு ரூபாய். புள்ளிக் கணக்கில் டிவிடி நான்கு மடங்கு. அப்படியும் விசிடி விற்றுக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் வீட்டில் ஏற்கெனவே இருந்த கருவியை மாற்ற ஆகும் விலை ஆறு ரூபாய் அல்ல. இதே காலத்தில், 2007-இல், புளூ-ரே ஓட்டத் தெரிந்த பிளேஸ்டேஷன் 3 இந்தியாவில் 39,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது.

இதெல்லாம் வறுமை, கூடவே திருட்டு; இதைப் போய்த் தேர்வு என்று உயர்த்துவானேன் என்று கேட்கலாம். வறுமை ஒரு காரணம், ஐயமில்லை. ஆனால் கையில் காசு குறைவாக உள்ளவன் தேர்வு செய்வதில்லை என்பது வசதியானவர்களின் மூடநம்பிக்கை. ஒரு தவறு அவனுக்கு அதிகம் வலிக்கும் என்பதால் அவன்தான் கூர்ந்து தேர்வு செய்கிறான். திருட்டைப் பொறுத்தவரை, 2004-இல் வீடியோ திருடர்களையும் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் அளவுக்கு அது தமிழ்நாட்டில் பெரிதாக இருந்தது. அந்தக் குற்றத்துக்கு மக்கள் வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும்: திருட்டு விசிடி. டிவிடி பரவிய பிறகும் அந்தப் பெயர் நிலைத்தது. திருடனுக்கும் நிறைய வீடுகளில் ஓடுகிற வட்டுதான் வேண்டியிருந்தது. அவன் வட்டைத் தீர்மானிக்கவில்லை, தீர்மானமானதைத் தொடர்ந்தான். 28 ரூபாய்க்கு முறையான வட்டு கிடைத்தபோது அதை வாங்கவும் ஆள் இருந்தார்கள். ஆகவே, திருட்டு இல்லாதிருந்தால் தமிழ்நாடு புளூ-ரேக்குத் தாவியிருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இயக்குநர் சேரன் 2015-இல் சி2எச் திட்டத்தைத் தொடங்கி ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை நேரே வீடுகளுக்குக் கொண்டுவந்தபோது, புளூ-ரே வென்று ஏழு ஆண்டு ஆகியிருந்தது. அவர் எடுத்தது 50 ரூபாய் டிவிடிதான். திருட்டை எதிர்த்து நின்றவரே, வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வட்டைத் தேர்ந்தார்.

கொள்ளளவு கூடியது வென்றதே, தொழில்நுட்ப மேன்மைக்கு அது சான்றில்லையா என்ற வாதத்துக்கு வென்றவரின் ஆயுளே பதில். 2019-இல் சாம்சங் புதிய புளூ-ரே பிளேயர் கொண்டுவருவதை நிறுத்தியது, எல்.ஜி.யும் பின்னால் விலகியது. 2025 பிப்ரவரியில் சோனி எழுதக்கூடிய புளூ-ரே வட்டுத் தயாரிப்பை நிறுத்தியது. 28 ரூபாய் வட்டால் சந்தையைக் கலக்கிய மோசர் பேயர் 2018-இலேயே கலைப்புக்குப் போய்விட்டது. இன்னொரு பக்கம், 2006 முதல் 2008 வரை அச்சான வார்னர் டிவிடிகளில் ஒரு பகுதி உள்ளேயே அரித்துப்போவதை அந்த நிறுவனமே 2025-இல் ஒப்புக்கொண்டு மாற்றித் தர முன்வந்தது. கடற்கரை வீடுகளில் வட்டு கெட்டால் உப்புக்காற்றைப் பழிப்பது வழக்கம். இந்த வட்டுகளில் பழுது ஆலையிலேயே உள்ளே வைத்து மூடப்பட்டது, சிப்பிக்குள் மணல்போல, அது முத்தாகவில்லை.

இப்போது வட்டே வேண்டாம், எல்லாம் இணையத்தில் ஓடுகிறது, பழைய பஞ்சாங்கம் எதற்கு என்பது கடைசி எதிர்வாதம். ஓடை வழிப் படத்திலும் அதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். அங்கே மாறுகிற செலவு இல்லை என்பது மேலோட்டத்துக்குச் சரி. டெக் வாடகைபோல மாதச் சந்தாவோடு முடிகிறது. திரும்பத் திரும்பப் பார்க்காத படத்துக்கு அதுவே போதும், அதற்காக யாரும் புளூ-ரே தேட வேண்டியதில்லை. ஆனால் வாடகைக்கு எடுத்த டெக்கில் ஓடிய கேசட்டை நகல் எடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. சந்தா நின்றால் இதில் எதுவும் மிஞ்சாது. அதனால் தேர்வு இரண்டாகப் பிரிகிறது: வந்து போகிற படம், வைத்துக்கொள்ள வேண்டிய படம். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலின் தங்கத்தேர் சில விசேஷ ஆண்டுகளில் மட்டுமே ஓடும். 2000-இலும் 2007-இலும் 2013-இலும் ஓடியது. அந்த ஓட்டங்களுக்கு நடுவில் வீட்டு வீடியோவின் வடிவமும் மாறிவிட்டது. அப்படிப்பட்ட காட்சிக்கும், ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோவுக்கும் உலகின் எந்த ஸ்டூடியோவும் மறுபதிப்புப் போடாது.

வைத்துக்கொள்ள வேண்டியதற்கு எந்த வட்டு என்று இன்று ஒருவர் கேட்டால் விடை சற்றுச் சங்கடமானது. 4கே புளூ-ரேயை அதிகாரபூர்வமாகக் கணினியில் ஓட்ட இன்டெல் சில்லில் ஒரு தனிப் பாதுகாப்பு வசதி வேண்டியிருந்தது. புதிய சில்லுகளில் அது நீக்கப்பட்டதால், காசு கொடுத்து வாங்கிய வட்டு புதிய கணினியில் ஓடாத நிலை வந்திருக்கிறது. மிகத் தெளிவான வட்டு, மிக இறுக்கமான பூட்டு. கல்யாண ஸ்டூடியோக்காரர் இருபது ஆண்டுக்கு முன் எழுதிக் கொடுத்த விசிடியில் படம் மங்கல்தான். ஆனால் தட்டில் கீறல் விழாமல் இருந்தால், ஏதாவது ஒரு பழைய டிரைவில் செருகி, உள்ளே இருக்கும் ‘டாட்’ கோப்பை அப்படியே இழுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். இன்றைய கைபேசியிலும் இலவசச் செயலி ஒன்றில் அது திறக்கும், யாருடைய அனுமதியும் கேட்காமல்.